எங்கள் ரத்தத்துக்கு ஏறாது

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு யார்டு – கட்டியது நான். செம்மண்டலத்தில் ஏ.சி. கல்யாண மண்டபம் – கட்டியது நான். 'இந்த மணலில் ஷெட் நிற்காது' என்று படித்தவர்கள் சொன்ன இடத்தில் ஷெட் போட்டது நான். தானே புயலில் அதன் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தபோது, அதே தகரத்தைத் தூக்கி வந்து அதே கம்பத்தில் அடித்ததும் நான்தான். இன்றைக்கும் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்.

என் படிப்பு? அஞ்சாவது. பாஸா என்று கேட்காதீர்கள்.

'இதையெல்லாம் போன தீபாவளிக்கே இந்தப் பத்தியில் எழுதிவிட்டீர்களே' என்று சில வாசகர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. எழுதினேன். மறுபடியும் எழுதுவேன். கட்டியவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் இந்தப் பட்டியலில் நான் இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. ஒரு வழக்கம். சிமெண்ட் இல்லாமல், தகரம் இல்லாமல், வெறும் வாயாலும் காலாலும் நான் கட்டியது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

வழக்கம்போல் மண்டபத்து ஆபீசில் உட்கார்ந்து எழுதவில்லை. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன். பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம்தான் பேப்பர். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன். டீக்கடைக்குப் போகிறேன், டீ குடிக்காமலே திரும்புகிறேன். உள்ளே என் மகன் செல்வம் டாக்டரம்மாவிடம் இருக்கிறான். கூடவே மருமகள் கவிதா. என்னை மட்டும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மூடிய கதவு எனக்கு ஆகாது. என் மண்டபத்தில் எந்தக் கதவுக்கும் நான் தாழ்ப்பாள் வைத்ததில்லை... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது தேங்காய் உடைப்பார்கள். அணியத்தில் – அதாவது படகின் முன்மூக்கில் – சந்தனம், குங்குமம் வைப்பார்கள். இது எல்லோரும் செய்வது. எங்கள் யார்டில் கூடுதலாக ஒன்று உண்டு. யார்டு சார்பில் ஓர் ஆள், ஒரு கிளாஸ் பிராந்தியைத் தண்ணீர் கலக்காமல் குடிப்பான். பிறகு படகின் விளிம்பில் ஏறி, முன்மூக்கிலிருந்து எஞ்சின் மாட்டும் பின்பலகை வரை, கையை விரிக்காமல் நடப்பான். அவன் தள்ளாடவில்லை என்றால் படகும் தள்ளாடாது. அதுதான் எங்கள் கேரண்டி.

யார் ஆரம்பித்தது? சொல்லவும் வேண்டுமா?

நான் தொழிலுக்கு வந்தபோது ஃபைபரை யாரும் நம்பவில்லை. 'பிளாஸ்டிக் டப்பா... மனுஷன் ஏறுனா கவுந்துடும்' என்று கரையில் நின்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் கையில் இருந்த கிளாஸைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தேன். விளிம்பில் ஏறினேன். நடந்தேன். சிரிப்பு நின்றது. படகு அன்றைக்கே விலை போனது. அதற்குப் பிறகு, 'நடந்து காட்டினால்தான் படகை எடுப்போம்' என்று வாங்குகிறவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அது கஷ்டமே இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஏறாது. அப்பாவுக்கு ஏறாது. அண்ணன் தட்சிணாமூர்த்திக்கு ஏறாது. எனக்கு ஏறாது. 'உங்க ரத்தமே வேற முதலாளி' என்பார்கள். ஆமாம், வேறுதான் என்பேன்.

சர்க்கரை வந்ததும் நான் குடியை நிறுத்தினேன். ஒரே நாளில். யாருடைய உதவியும் இல்லாமல். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு விளிம்பில் நடப்பது செல்வத்தின் வேலை ஆனது. என்னைவிட நன்றாக நடப்பான். அவன் எவ்வளவு குடித்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பேச்சு குழறாது. கண் சிவக்காது. காரோட்டினால் வெள்ளைக் கோட்டைத் தொடமாட்டான். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிரும்.

கவிதாவுக்கு மட்டும் நிமிரவில்லை. வீட்டுக்கு வந்த புதிதில் அவள் ஒன்றும் சொன்னதில்லை. போன சித்திரையில் ஒருநாள் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, பையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, தள்ளாடுற ஆம்பளைன்னா கையப் புடிச்சி வீட்டுக்கு இட்டாந்துடலாம். இவுரு நேரா நடந்து போய்க்கிட்டே இருக்காரு. எங்க போய் நிப்பாருன்னு தெரியல."

"அவன் என்ன சண்ட போட்டானா? ரோட்ல விழுந்தானா?"

"விழுந்தா பரவால்லியே மாமா. நாலு பேருக்குத் தெரியும். மின்ன ராத்திரி மட்டுந்தான். இப்ப காலைலயே ஆரம்பிக்கிறாரு. கேட்டா, ஏறலியே, அப்புறம் என்னங்கிறாரு. ஒரு டாக்டர பாத்தாருன்னா சொல்லுங்க, வரேன். அதுவரைக்கும் பண்ருட்டில எங்கம்மா வூட்லதான்."

செல்வத்திடம் சொன்னேன். சிரித்தான். "ஏறாதவன் எப்பிடிப்பா குடிகாரன் ஆவான்?"

எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. உங்களுக்கும் அப்படித்தானே பட்டிருக்கும்? குடித்து விழுகிறவனுக்கு நம் ஊர் வைத்த பெயர் குடிகாரன். குடித்தும் விழாதவனுக்கு வைத்த பெயர் கெத்து. நான் மட்டுமா இப்படி நினைத்தேன்?

போன மாதம் கிள்ளையில் ஒரு படகை இறக்கினோம். வாங்கியவர் என் மைத்துனர் முறை ராஜாங்கம். எஞ்சின் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, எஞ்சின் கம்பெனி ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினீயரை அனுப்பியிருந்தது. பெயர் ஹிரோஷி. செல்வத்தின் வயது. ஒல்லி. யாரைப் பார்த்தாலும் குனிந்து வணக்கம் சொல்லுவான். அவன் மொழியில் போனிடம் பேசுவான், போன் நம்மிடம் தமிழில் பேசும்... மேடைப் பேச்சாளர் தமிழ்!

தேங்காய் உடைத்தாயிற்று. செல்வம் ஒரு கிளாஸ் குடித்தான். விளிம்பில் நடந்தான். கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக. ஊரே கைதட்டியது. விருந்தாளியைச் சும்மா நிற்க வைக்கலாமா? நானே ஒரு கிளாஸ் ஊற்றி ஹிரோஷியிடம் நீட்டினேன். அவன் கிளாஸைப் பார்த்தான். என் வெள்ளை மீசையைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டு, பாதி குடித்தான்.

நண்டு வேகும்போது நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான். முதலில் கழுத்து, பிறகு காது, பிறகு நெற்றி. கண்ணின் வெள்ளைகூட சிவந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான்.

"மச்சான், எறா ஒத்துக்கல போல" என்றார் ராஜாங்கம்.

"அவன் இன்னும் சாப்பிடவே இல்லியே!"

"அப்ப வெயிலு."

"வெயில்ல தானே காலைலேர்ந்து நிக்கிறான்?"

ராஜாங்கத்தின் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "வெள்ளப் புள்ள... அத்தினி கண்ணும் அதும்மேல பட்டுடுச்சி. தள்ளுங்க" என்று உப்பும் மிளகாயும் கொண்டுவந்து மூன்று சுற்று சுற்றினார். ஹிரோஷி அதற்கும் உட்கார்ந்தபடியே குனிந்து வணக்கம் சொன்னான். சிவப்பு மட்டும் இறங்கவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தேன். நாடி எஞ்சின்போல் ஓடியது. வெளிநாட்டுக்காரன்... நான் ஊற்றிக் கொடுத்தது... இங்கே ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கு வியர்த்துவிட்டது.

"வண்டிய எடுடா செல்வம்!"

கிள்ளையிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் வந்தால் நாம் ஒதுங்க வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு. சைக்கிளில் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். செல்வம் ஓட்டினான். குடித்திருப்பவன் ஓட்டலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அவனுக்குத்தான் ஏறாதே!

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. ஹிரோஷியின் நாடியைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். என்ன குடித்தான் என்று கேட்டார். பாதி கிளாஸ் பிராந்தி என்றதும் அவர் முகம் லேசானது.

"பயப்படாதீங்க. கொஞ்ச நேரம் இங்கியே படுக்கட்டும். தானா எறங்கிடும். இது அவர் பொறப்புலயே இருக்கு."

பிறப்பிலேயா? விளக்கிச் சொன்னார். சாராயம் உடம்புக்குள் போனதும் முதலில் ஒரு விஷமாக மாறுமாம். பிறகு அந்த விஷத்தை உடம்பு வேறொன்றாக மாற்றி வெளியே தள்ளிவிடுமாம். ஜப்பான், சீனா, கொரியா பக்கம் நிறையப் பேருக்கு இந்த இரண்டாவது வேலை மெதுவாக நடக்கும். பரம்பரையாக வருவது. விஷம் உள்ளேயே தேங்கி நிற்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். அதனால் அவர்களில் பலர் ஜாஸ்தி குடிக்கமாட்டார்களாம். அதையும் மீறிக் குடித்தால் உணவுக்குழாயில் கேன்சர் வரைக்கும் போகுமாம்.

ராஜாங்கம் சும்மா இருப்பாரா? "நம்ம ஆளுங்களுக்கு அது கெடையாதுங்க மேடம். கடல் ஒடம்பு. தாங்கும்."

"கடல் ஒடம்பு, வயக்காட்டு ஒடம்புன்னு எதுவும் கெடையாதுங்க. ஜப்பான்லயும் செவக்காதவங்க இருக்காங்க. நம்ம ஊர்லயும் ஒரு வாய்க்கே ஒத்துக்காதவங்க இருக்காங்க. ஒரே வீட்ல அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி இருக்கும்."

நான் விடவில்லை. "எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே மாதிரிதாங்க. ஏறாது. இதோ எம் புள்ள. ஒரு கிளாஸ் தண்ணி கலக்காம அடிச்சிட்டுதான் இவுர இட்டாந்தான். உள்ள போனாதான் ஸ்டெடியா ஓட்டுவான்!"

டாக்டரம்மா ஹிரோஷியை விட்டுவிட்டு செல்வத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒரு கிளாஸ்தானா?"

செல்வம் தலையாட்டினான்.

"அதுக்கு மின்னாடி?"

"காலைல கொஞ்சம்... கை நடுங்குச்சி. அதுக்காவ."

கை நடுங்கியதா? எனக்குத் தெரியாது. அவன் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. பார்ப்பதற்குள் குடித்துவிடுவான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா கையை நீட்டினார். "கார் சாவி." செல்வம் கொடுத்தான். அதை அவர் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். என் காரின் சாவியை என்னைக் கேட்காமல் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

"இவருக்கு ஒண்ணும் இல்ல" என்று ஹிரோஷியைக் காட்டினார். "இவர் வீட்டு வாசல்ல ஒரு நாய் இருக்கு. திருடன் காலடி வச்சதும் கொலைச்சிடுச்சி. நான் பாக்க வேண்டியது உங்க மகனத்தான். உங்க வீட்டு நாய் கொலைக்கவே கொலைக்காது. அதனால திருடன் உள்ள வரலன்னு நெனச்சிக்கிட்டிருக்கீங்க."

"ஏறலன்னா பலம்தானே மேடம்?"

"மத்தவங்களுக்கு ஒரு கிளாஸ்ல கெடைக்கிறது இவருக்கு நாலு கிளாஸ்ல கெடைக்கும். அப்ப நாலு குடிப்பாரு. அப்புறம் அஞ்சு. தல சுத்தலன்னா கல்லீரலுக்குத் தெரியாதுன்னு அர்த்தமா? இப்பிடி ஏறாத ஒடம்புக்காரங்கதான் பின்னால மாட்டிக்கிற ஆபத்து ஜாஸ்தி. குடும்பத்துல வரும் இது."

"அப்ப ரத்தம்தான் காரணங்கிறீங்களா?"

"ரத்தம் கொஞ்சம். மீதி, வீட்லயும் தொழில்லயும் என்ன பழக்கி வச்சிருக்கீங்களோ அது. பொறந்த எல்லாரும் குடிச்சே ஆவணும்னு எந்த ரத்தமும் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. "நானும் அதே ரத்தம்தான். ஒரே நாள்ல விட்டேன் தெரியுமா?"

"விட்டீங்க. பெருமையான விஷயம்தான் ஐயா. இவருக்கு நீங்க விட்ட மாதிரி திடீர்னு விட்டா வலிப்பு வரலாம். கை நடுங்குதுன்னு சொன்னாரே, கேட்டீங்களா?"

நான் செல்வத்தின் கையைப் பார்த்தேன். அதைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கட்டிலில் இருந்த ஹிரோஷி போனை எடுத்து ஏதோ முணுமுணுத்தான். போன் பேசியது: "மன்னிக்க வேண்டுகிறேன். என் தந்தையாரும் சிவப்பார். நாங்கள் தக்காளிக் குடும்பம். பெரியவர் கொடுத்ததை மறுக்க இயலவில்லை."

ராஜாங்கம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். செல்வம் சிரிக்கவில்லை. ஹிரோஷியின் சிவந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும் இப்பிடி செவந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ப்பா."

அன்று சாயந்தரம் ராஜாங்கம் ஓர் ஓட்டுநரை வரவழைத்து, டாக்டரம்மாவிடமிருந்து சாவியை வாங்கிக் கொடுத்து, எங்களைக் கடலூருக்கு அனுப்பினார். ஆலப்பாக்கம் தாண்டும்போது செல்வம் போனை எடுத்தான். "கவி... டாக்டர பாக்கறேன். நீயும் வரியா?" அவ்வளவுதான்.

இன்றைக்குத்தான் வைத்தியத்தின் முதல் நாள். கவிதா பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். என்னைப் பார்த்து "வாங்க மாமா" என்றாள். வந்தது அவள், வரவேற்றதும் அவள். கணவனின் சட்டைக் காலரை மட்டும் சரி செய்துவிட்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இதுவரை எழுதியது இரண்டு பத்திரிகைகளின் பின்பக்கம். மூன்றாவதை எடுக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன் – கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஒட்டுக்கேட்பது தப்பு. தெரியும். கேட்டேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது குடியால பிரச்சன இருந்திருக்கா? தாத்தா, பெரியப்பா, அப்பா... தெரிஞ்சா வைத்தியத்துக்கு நல்லது. மறைக்காம சொல்லுங்க" – இது டாக்டரம்மா.

"இல்லிங்க" – இது என் மகன். "பெரியப்பா காமாலைல போனாரு. தாத்தா கடல்ல போனாரு. அப்பா சுத்தம். இது என்னோடதுதான். எங்கப்பாவ இதுல சேக்காதீங்க மேடம். அவுரு ஒழச்சி மேல வந்தவரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவன் என் மானத்தைக் காப்பாற்றுகிறான். எழுந்து தெருமுனை வரைக்கும் போனேன். திரும்பினேன். செல்வத்தின் உயரம் என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மூக்கு என்னுடையது. ஃபைபரைத் தடவிப் பார்த்தே கனம் சொல்லும் கை என்னுடையது. எதிலும் என் பங்கை ஒருவனும் குறைத்துச் சொல்ல நான் விட்டதில்லை. இதில் மட்டும் விட்டுவிடுவேனா?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ப்பா, வெளில இருங்க" என்றான் செல்வம்.

"சும்மா இருடா. மேடம், இவன் சொல்றது தப்பு. எங்கண்ணனுக்குக் காமாலைன்னு ஊருக்குத்தான் சொன்னோம். வயிறு வீங்கித்தான் போனாரு. ஒருநாளும் தள்ளாடாத மனுஷன். எங்கப்பா கடல்ல போனது நெசம். ஆனா காத்தே இல்லாத நாளு... கட்டுமரத்துல நின்னுக்கிட்டிருந்த மனுஷன் தண்ணில விழுந்தாரு. எதனாலன்னு கூடப் போனவங்களுக்குத் தெரியும்."

"நீங்க, ஐயா?"

"எனக்கும் காலைல கை நடுங்கும். சர்க்கரைக்கு மின்னாடி. யாரும் பாத்ததில்ல. பாக்கறதுக்குள்ள..."

செல்வம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படி ஒரு பார்வையை, நான் விளிம்பில் நடந்த காலத்தில்கூட அவனிடம் நான் பார்த்ததில்லை.

கவிதா எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க மாமா."

உட்கார்ந்தேன். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். என் யார்டு படகு எதுவும் என் பெயர் இல்லாமல் தண்ணீரில் இறங்கியதில்லை. ஏறாத ரத்தம் என் வழியாக வந்தது. விளிம்பில் நடக்கும் வழக்கம் நான் கட்டியது. நாளைக்கு என் மகனைப் பார்த்து 'குடிகாரன், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறான்' என்று எவனாவது சொன்னால், பாதியில் நிறுத்த வேண்டாம். அதில் என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"மொதல்ல எம்பேர எழுதுங்க மேடம். அவம்பேரு அதுக்குக் கீழ!"